வேலைச் சாமானுடன் வாருங்கள்

சென்ற மாதம் என் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள, நான் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவமனைக்கே போயிருந்தேன். மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள கண் மருத்துவமனை அது. நான் அளவு பார்த்த அறையில் இப்போது புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. மோவாயை அதில் வைத்து மூச்சு விட்டு வாங்குவதற்குள், கருவிழியின் கனத்தையும் வளைவையும் அதன் பின்னுள்ள உள்ளறையின் ஆழத்தையும் அளந்துவிடுகிறது. கண்ணாடியைக் கழற்ற நினைப்பவருக்கு லேசர் பொருந்துமா, உள்ளே வைக்கும் லென்ஸ் பொருந்துமா என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டியும் விடுகிறது. நான் அதைக் கைகூப்பித்தான் பார்த்தேன். மனிதக் கை நடுங்கும் இடத்தில் நடுங்காத ஒன்றை யார் செய்து தந்தாலும் அது அருள்தான்.

"மேடம், உங்க டைம்ல இதுக்கெல்லாம் எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டாள் அங்கே இப்போது அளவு பார்க்கும் பெண்.

"அரை நாள். சில பேருக்கு ரெண்டு தடவ அரை நாள்."

"அவ்ளோ நேரம் பேஷன்ட்டை உக்கார வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"வேலை செய்யச் சொல்லுவோம்."

அவள் சிரித்துவிட்டாள். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டதால் விளக்க நேரமில்லை. அவளுக்குச் சொல்ல விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. மருத்துவமனையில் எல்லாருக்கும் அரசி மேடம். என் தந்தையார் விடியலில் பதிகம் ஓதாமல் காபி குடிக்கமாட்டார். அவர் ஓதியதைக் கேட்டுக்கேட்டே எனக்கும் மனனமாயிற்று; பொருள் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது. அளவைப் பயிற்சியைப் பற்றியும் தொடக்க ஆண்டுகளைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டே இளமை கழிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கருவிழியின் கனத்தை அப்போது சிறு முனையொன்றால் தொட்டுத்தான் அளப்போம். அதற்கு முன் மரத்துப்போகும் மருந்தை ஒரு சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. மனத்துக்குள் ஒரு பாட்டு முடிந்தால் கண் மரத்திருக்கும். அவர்கள் அறியாமலே எத்தனையோ பேருடைய கண்ணுக்குப் பாட்டுப் பாடியிருக்கிறேன் என்பது எனக்கு இன்றும் நிறைவு தருகிற எண்ணம்.

எங்கள் அறுவை மருத்துவர் டாக்டர் அறிவழகன். தி.நகரில் பிறந்து வளர்ந்தவர். கடவுள் இல்லை என்று சொல்லும் குடும்பத்திலிருந்து வந்தவர். காலையில் என் நெற்றியைப் பார்ப்பார்.

"அரசிம்மா, இன்னிக்கு நீறு கொஞ்சம் தூக்கலா இருக்கே. கஷ்டமான கேஸ் எதாவது வருதா?"

"உங்களுக்கும் சேத்துப் பூசியிருக்கேன் டாக்டர்."

"அப்ப சரி, எனக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போவார்.

கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்று வருகிறவர்களில் பெரும்பாலோர், லேசர் என்ற ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு வருவார்கள். பத்து நிமிட வேலை, மறுநாள் ஆபீஸ் போகலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டாக்டர் அதை மறுக்கமாட்டார். ஆனால் முதல் வருகையில் ஒருவருக்கும் நாள் குறித்துக் கொடுக்கமாட்டார். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களை அதை நிறுத்தச் சொல்லி, கருவிழி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிய பிறகே அளக்கச் சொல்வார். கண்ணீர் போதுமா, இருட்டில் கண்பாப்பா எவ்வளவு விரிகிறது, விழித்திரையின் ஓரத்தில் மெலிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வந்தவரை எதிரில் உட்காரவைத்து, அவர் எப்போதும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு.

"லேசர்னா தரையை வெட்டிச் சமப்படுத்துற மாதிரி. கண்ணுக்கு முன்னாடி இருக்கிற படலத்தைத் தேவையான அளவு செதுக்கி எடுத்துடறோம். பவர் அதிகம்னா அதிகமா செதுக்கணும். படலம் மெலிசுன்னா செதுக்க இடமில்லை. செதுக்கினதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. உள்ள வைக்கிற லென்ஸ் பாய் விரிக்கிற மாதிரி. தரையைத் தொடறதில்லை. வேண்டாம்னா பாயைச் சுருட்டி எடுத்துடலாம். ஆனா கண்ணுக்குள்ள போய் விரிக்கணும். அதுக்கு உள்ள இடம் வேணும், அதுக்குண்டான ஆபத்தும் உண்டு. எது நல்லதுன்னு என்னைக் கேக்காதீங்க. உங்க தரை எப்படி, நீங்க அதுல என்ன செய்வீங்க, அதைப் பொறுத்தது."

பிறகு அந்தக் கடைசி வாக்கியம் வரும். "அடுத்த தடவ வர்றப்போ உங்க வேலைச் சாமானை எடுத்துட்டு வாங்க."

அவர் அறையில் ஜன்னலோரமாக ஒரு மேசையும், தாழ்வான முக்காலியும், சுருட்டி வைத்த கோரைப்பாயும் இருக்கும். வந்தவர் தம் வேலையைக் கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் அங்கே செய்து காட்ட வேண்டும். டாக்டர் கைகட்டி மூலையில் உட்கார்ந்திருப்பார். பேசவேமாட்டார். "கண்ணாடி போட்டுக்கிட்டு இவர் எதைப் பாக்கறார்னு மெஷின் சொல்லிடும். கழட்டிட்டு எதைப் பாக்கறார்னு அவரேதான் காட்டணும்" என்பார் எங்களிடம்.

மிருதங்கம் வந்திருக்கிறது. பட்டுப் புடவைக் கடையில் நிறம் பொருத்தும் பெண் ஒருத்தி, புடவைக் கட்டோடு வந்திருக்கிறாள். என்னால் மறக்க முடியாதவர் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா அமலோற்பவம். சொன்னபடியே கூடையும் அரிவாள்மனையும் இரண்டு வஞ்சிரமுமாக வந்துவிட்டார். சைவ வயிற்றுக்காரியான நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"தூரத்துல வர்றவங்க மூஞ்சி தெரிஞ்சாதான சார், பேர் சொல்லி கூப்ட முடியும்? பக்கத்துல வர்றதுக்குள்ள அடுத்த கடைக்காரி இஸ்துகினு பூட்றா" என்றார்.

வயது நாற்பதைக் கடந்தவர். கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, செதிலைச் சுத்தமாக எடுத்து முள்ளைத் தடவித் தடவி நீக்கினார். டாக்டர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"இப்ப கண்ணாடி இல்லாமத்தானே முள்ளு எடுத்தீங்க? லேசர் பண்ணினா தூரம் தெரியும். இந்த வயசுல, கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். முள்ளு எடுக்கறதுக்குப் போட்டுக்கணும்."

"அப்போ இங்க கயட்டி அங்க மாட்றதா? அதுக்கா இம்மாந்தூரம் வந்தேன்?" அமலோற்பவம் அரிவாள்மனையை மடக்கினார். "நல்ல டாக்டர்யா நீ. வந்த கிராக்கிய திருப்பி அனுப்புற" என்று அவரை வைதுவிட்டு, கண்ணாடிக்குக் கயிறு மாட்டிக்கொண்டு போனார். அறையில் நாள் முழுதும் மீன் வாசம். மாலையில் டாக்டர் என்னிடம், "அரசிம்மா, உங்க ஊதுவத்திய இங்கயும் ஒண்ணு ஏத்துங்க. இன்னிக்கு மட்டும் அனுமதி" என்றார்.

ஜாபரின் கதைக்கு வருகிறேன். அவர் தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் நகைப் பட்டறையொன்றில் கல் பதிக்கிறவர். வீடு இராயப்பேட்டையில். வயது முப்பதை எட்டவில்லை. இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஒன்பது. மனைவி நசீமாவும், ஆயிஷா என்ற நான்கு வயது மகளும் உடன் வந்திருந்தார்கள். முதல் நாளிலேயே என்னிடம் சொன்னார்.

"எந்த ஆபரேசன் வேணா பண்ணுங்க மேடம். மூஞ்சில கண்ணாடி இருக்கக் கூடாது."

"கயிறு மாட்டிக்கோங்கன்னு நானும் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறார்" என்றார் நசீமா.

"உனக்கு இன்னா தெரியும்? நீ அன்னிக்கி இல்ல."

அந்த நாளைப் பற்றி அவர் சொன்னார். பண்டிகைக்கு முந்தைய நெரிசலில் ரங்கநாதன் தெருவில் மகளோடு போய்க்கொண்டிருந்தார். யாருடைய முழங்கையோ பட்டுக் கண்ணாடி விழுந்தது. எடுக்கக் குனிந்த நேரத்தில் குழந்தையின் கை நழுவியது. கண்ணாடியை அதற்குள் யாரோ மிதித்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் முகங்கள் இல்லை. வண்ணங்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அந்தத் தெருவில் மேலும் கீழும் ஓடியிருக்கிறார். கடைசியில் ஒரு துணிக்கடைக் காவலாளிதான் குழந்தையைப் பிடித்து வைத்திருந்து ஒப்படைத்தார்.

"அந்தக் கடைய நான் ரெண்டு தபா தாண்டிப் போயிருக்கேன் மேடம். அவ படில நின்னுகினு என்னைப் பாத்து அழுதுகினு இருந்திருக்கா. எனக்குத் தெரியல. என் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியல."

சோதனைகள் முடிந்தன. கருவிழி மெலிது, மைனஸ் ஒன்பதைச் செதுக்கி எடுக்க இடமில்லை. லேசர் கிடையாது என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். உள்ளறையில் ஆழம் போதுமானதாக இருந்தது. உள்ளே வைக்கும் லென்ஸுக்கு வழி உண்டு. ஜாபர் மகிழ்ந்துபோனார். ஆனால் வழக்கம்போல, வேலைச் சாமானுடன் வரச் சொன்னார் டாக்டர்.

அரக்கில் பதித்த மோதிரம், சாமணம், சிற்றுளி, பொடிக் கற்கள் ஒரு டப்பி. கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தார் ஜாபர். முதல் காரியமாக வலக்கை காதருகே போயிற்று. கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. தினமும் எத்தனை முறை செய்திருப்பாரோ, கை அதைத் தானாகவே செய்தது. முகத்தை மோதிரத்தின் மேல் அரைச் சாண் அளவுக்குத் தாழ்த்தினார். எள்ளை விடச் சிறிய கல்லைச் சாமணத்தால் எடுத்து, குழியில் உட்காரவைத்து, பொன் விளிம்பை அதன் மேல் மடக்கினார். பூதக்கண்ணாடி எதுவும் இல்லை.

உயர்ந்த மைனஸ் பவர் உள்ளவருக்குத் தூரம் தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றினால், முகத்துக்கு வெகு அருகில் இருப்பது பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். அவர் குறை என்று எங்களிடம் எடுத்து வந்ததுதான் பட்டறையில் அவருக்குப் பேர் வாங்கித் தந்திருந்தது.

"தம்பி, லென்ஸ் வெச்சா இது போயிடும்" என்றார் டாக்டர்.

ஜாபர் தலையைத் தூக்கவில்லை. "மத்தவங்க பூதக்கண்ணாடி மாட்டிக்கினு செய்றாங்க சார். நானும் மாட்டிக்கிறேன்."

"கை மறுபடி பழகணும். வேலை மெதுவாகும்."

"ஆவட்டும் சார். வேல வேற கத்துக்கலாம்." அவர் பார்வை மகளின் பக்கம் போயிற்று. அவள் என் மேசையில் கிடந்த சோதனை வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு டாக்டர் என்னைக் கேட்டார். "இடது கண்ணைப் பாத்தீங்களா அரசிம்மா?"

பார்த்தேன். அவ்வளவு அருகில் இரண்டு கண்ணும் சேர்ந்து குவிய முடியாது. ஜாபர் முகத்தைச் சற்றுத் திருப்பி, வலது கண்ணால் மட்டுமே வேலை செய்திருந்தார். இடது கண் மூக்குக்கு அப்பால் சும்மா இருந்தது.

"முதல்ல இடது. வேலை செய்யற கண்ணை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன் சில நாள், கான்டாக்ட் லென்ஸ் போட்டு அவரைப் பட்டறைக்குப் போய்வரச் சொன்னோம். அறுவைக்குப் பின் பார்வை எப்படியிருக்கும் என்பதை அறுக்காமலே தெரிந்துகொள்ளும் வழி அது. தலையில் பூதக்கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருக்கிறார். குனிந்த போதெல்லாம் கை காதருகே போய், அங்கே இல்லாத கண்ணாடியைத் தேடியதாம். பதித்த கற்கள் ஆடின. பட்டறைக்காரர் முகம் சுளித்தார். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, "பழகிக்கலாம் சார், தேதி குடுங்க" என்றார்.

அறுவைக் கூடத்துக்கு வெளியே இருந்த திரையில் அறுவையைப் பார்த்தேன். நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுருட்டிய லென்ஸ், ஒரு சிறு கீறல் வழியாக உள்ளே போய், நீருக்குள் மெல்ல விரிந்தது. அதன் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கண்பாப்பாவுக்குப் பின்னே செருகினார் டாக்டர். இயற்கை லென்ஸை அது தொட்டுவிடக் கூடாது. விலகிப் போய்க் கண்பாப்பாவை முன்னே நெருக்கவும் கூடாது. அந்த நூலிழை இடைவெளியை அன்றே அளந்தேன். நன்றாக இருந்தது. கண் அழுத்தமும் சரியாக இருந்தது. நசீமா துஆ கேட்டுக்கொண்டிருந்தார். என் வாயில் பதிகம். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

மறுநாள் நடைக்கூடத்தின் மறுகோடியில் ஆயிஷாவை நிறுத்தினோம். அவள் விரல்களைக் காட்டினாள்.

"மூணு" என்றார் ஜாபர். "இப்போ ரெண்டு. இப்போ நாக்க நீட்டுற. ஓய், வந்தேன்னா இருக்கு உனக்கு."

ஒரு வாரம் கழித்து வலது கண்ணுக்கு வந்தார். அதற்கான லென்ஸ் வந்து காத்திருந்தது. அறுவை உடை மாற்றக் கூப்பிட்டபோது அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"சார், வலது கண்ணு வேணாம்."

நசீமா திகைத்தார். "பாதியில நிறுத்துனா இன்னா அர்த்தம்?"

"பட்டறைக்குப் போவாதன்னீங்க சார், போவல. வீட்ல இவ கம்மல்ல ஒரு கல்லு ஆடிச்சு. அத மட்டும் பாத்தேன்." குற்றம் செய்தவர்போல என்னைப் பார்த்தார். "குனிஞ்சேன், வலது கண்ணுக்குக் கல்லு எப்பவும் போல பெருசா தெரிஞ்சுச்சு. தலைய தூக்கினேன், பால்கனில பாப்பா தெரிஞ்சா. ரெண்டும் இருக்கு சார். எதுக்கு ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண வாங்கணும்?"

இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு வேற்றுமை இருந்தால் பெரும்பாலோருக்குத் தலை சுற்றும், ஆழம் தெரியாது. படியும் வண்டியும் ஆபத்து. டாக்டர் அவரைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார். சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். முதல் தடவை தண்ணீர் தரையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் கொஞ்சம் சிந்தியது. என்னை வெளியே அழைத்துப் போனார்.

"புத்தகப்படி பாத்தா இன்னிக்கே வலது கண்ணையும் பண்ணிடணும். என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது டாக்டர்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். "உங்க சாமிக்கு மூணு கண்ணு, மூணுக்கும் மூணு வேலைன்னு நீங்கதானே சொல்லுவீங்க? சூரியன், சந்திரன், நெருப்பு. இந்தப் பையனுக்கு ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வேலை இருந்துட்டுப் போகட்டுமே."

நாற்பது வருடமாக ஓதிய எனக்கு அந்த நேரத்தில் தோன்றாதது, ஓதாதவர் வாயில் வந்தது. யார் மூலம் எதைச் சொல்ல வைப்பது என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று மாதத் தவணை கொடுத்தார் டாக்டர். வெளியே போகும்போதும் வண்டி ஓட்டும்போதும் வலது கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் கட்டாயம். பட்டறையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கழற்றிவிட வேண்டும். தலை சுற்றினாலும், படியில் தடுமாறினாலும் உடனே வர வேண்டும். "உள்ள வைக்கிற லென்ஸ் எங்கயும் ஓடிடாது. பாயை எப்ப வேணா விரிக்கலாம்" என்றார். என்னிடம் தனியாக, "இது எல்லாருக்கும் சொல்ற வைத்தியம் இல்ல அரசிம்மா. அவர் பல வருஷமா ஒத்தைக் கண்ணாலயே கல்லு பதிச்சுப் பழகினவர். அதனாலதான் துணிஞ்சேன்" என்றார். படிக்கிறவர்களும் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழித்து வந்தார். தம்ளரில் ஊற்றிய தண்ணீர் ஒரு துளியும் சிந்தவில்லை. வலது கண் இன்றும் பிறந்தபடியே இருக்கிறது.

புதிய கருவியைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, என் தாயாரின் கம்மலில் ஒரு சிவப்புக் கல் ஆடுவதைக் கண்டு, தி.நகருக்கு ஆட்டோ பிடித்தேன். உள்ளே வைக்கும் லென்ஸுக்குக் கருவி ஜாபரின் இரு கண்களிலும் பச்சை காட்டியிருக்கும், அதில் பிழையுமில்லை. அவரைக் குனிந்து உட்காரச் சொல்லிப் பார்த்த ஒருவரிடம் வேலை கற்றேனே, அந்தப் பேற்றைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பட்டறை வாசலை ஒட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "வாங்க மேடம், சாமி கும்புட்டு வந்தீங்களா? நீறு பளிச்சுன்னு கீது" என்று நாற்காலி போட்டார். கம்மலை அரக்கில் நிறுத்தி, முகத்தைத் திருப்பி, அரைச் சாணுக்குத் தாழ்ந்தார். கை காதருகே போகவில்லை. பள்ளி விடும் நேரம். சந்தில் ஸ்கூட்டர்களும் ஒரு தள்ளுவண்டியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன.

கல்லைப் பாதி பிடித்த நிலையில் தலையைத் தூக்கினார். எதிர்ச்சாரியில், கூட்டத்துக்கு நடுவே, சீருடையில் ஒரு சிறுமி.

"ஆயிஷா, நில்லு. வண்டி வருது."

அவள் நின்றாள். ஸ்கூட்டர் போயிற்று.

"இப்ப வா."

அவள் சந்தின் குறுக்கே வந்து பட்டறைப் படியில் காலை வைக்கும்வரை ஜாபர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் குனிந்தார்.